பெரகந்தை ஜெயித்த நாளில் தூக்கிய கை

பெரகந்தை ரக்பி கிளப் இருபத்தேழு வருஷம் தோற்றுத் தோற்று, இருபத்தெட்டாவது வருஷத்தின் கடைசி நாளில், கடைசி ஆட்டத்தின் கடைசி உதையில் கோப்பையை வென்ற அந்தச் சனிக்கிழமை சாயந்திரம், மைதானத்தின் கிழக்கு மூலையில் கொடிக்கம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த சந்தனம், மற்ற எல்லோரையும் போலவே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கொஞ்ச நேரத்தில் மற்ற எல்லோருடைய கைகளும் இறங்கின. அவருடையவை இறங்கவில்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. சாலிஹ் முதலாளியின் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. இருபத்தொரு வயதில், இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாட்டு அரசாங்கங்களும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், அவருடைய அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், ஒரு தம்பி என்று எல்லோருடைய பேரும் இந்தியாவுக்குப் போகும் பட்டியலில் வந்தது, அவர் பேர் மட்டும் இங்கேயே இருக்கும் பட்டியலில் வந்தது. மன்னாருக்குப் போகிற ரயிலில் அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பிப் போய்ப் பார்க்க தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் யாரும் இல்லாததால், ஸ்டேஷன் வாசலில் நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, அது எங்கே போய்க் கடைசியாக நின்றதோ அங்கே இறங்கினார். அது பெரகந்தை. ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு பள்ளிவாசல், ஒரு முருகன் கோயில், ஒரு விகாரை, பகல் பன்னிரண்டு மணிக்கும் விலகாத பனி.

வந்த முதல் சனிக்கிழமை, ஒரு மதிலுக்குப் பின்னாலிருந்து பெரிய கூச்சல் கேட்டு, ஏதோ கலவரம் என்று பயந்து எட்டிப் பார்த்தார். முப்பது ஆம்பிளைகள் சேற்றில் புரண்டு, ஏதோ ராட்சதப் பறவையின் முட்டை மாதிரி இருந்த ஒரு பந்துக்காக ஒருவரையொருவர் மண்ணில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் கத்தும்போது அவரும் கத்தினார். அவர்கள் தலையில் கை வைத்தபோது அவரும் வைத்தார். அந்த எண்பது நிமிஷம், நீ யார், எந்த ஊர், உன் காகிதம் எங்கே என்று அவரை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காய்ச்சல் வந்தால் சனிக்கிழமைக்குள் குணமாக்கிக்கொண்டார், இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் குறைந்து நின்றுபோன வருஷத்திலும் கிழக்கு மூலையில் போய் நின்றார்.

ஜெயித்த நாளின் நிலைமை இதுதான்: பெரகந்தை ஜெயிக்க வேண்டும், அதே நேரத்தில் கொழும்பில் ஆடிக்கொண்டிருந்த முதலிடத்துக் கிளப் தோற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கோப்பை கொழும்பை விட்டு நகராது. சந்தனத்தின் சட்டைப் பையில் ஒரு சின்ன ரேடியோ கொழும்பு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பெரகந்தை ஐந்து புள்ளி பின்தங்கி நின்றது. அப்போது பதினான்காம் நம்பர்காரன், பின்னால் மூன்று பேர் தொங்க, கோட்டோரமாகவே ஓடி வந்து, சந்தனத்தின் காலடிக்கு இரண்டு முழம் தள்ளி, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்தினான். தெறித்த சேறு சந்தனத்தின் நெற்றியில் வந்து ஒட்டியது. சமன். இனி அந்த மூலையிலிருந்தே பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அனுப்பினால் இரண்டு புள்ளி. உதைக்க வந்தவன் சந்தனத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றான். அவன் மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. பந்து எழும்பி, காற்றில் வளைந்து, கம்பத்தில் மோதி, ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.

ஆட்டம் முடிந்த விசில் ஊதியும் யாரும் கத்தவில்லை. மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த ரேடியோக்களைப் பார்த்து நின்றார்கள். கொழும்பில் இன்னும் ஆட்டம் முடியவில்லை. சந்தனத்தின் நெஞ்சிலிருந்து, அவருடைய இதயமே பேசுவது மாதிரி, அறிவிப்பாளரின் குரல் வந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். பிறகு அந்தக் குரல் உடைந்து, முதலிடத்துக் கிளப் ஒரே ஒரு புள்ளியில் தோற்றுவிட்டது என்று சிங்களத்தில் சொன்னது. அப்போதுதான் மூவாயிரம் ஜோடிக் கைகளும் மேலே போயின.

பிறகு எல்லோரும் கையை இறக்கி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். சந்தனம் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் ஆள் இருந்தது.

அன்று சாயந்திரம் அவருடைய கையை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஊரே கையைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தது. ஆட்டக்காரர்களை ஏற்றிய லாரிக்குப் பின்னால் எல்லோரோடும் நடந்து, கூட்டம் கலையக் கலையத் தனியாகி, ஏழு மணிக்குத் தன் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். சாவி கால்சட்டைப் பையில் இருந்தது. தன் வீட்டுக் கதவுக்கு முன்னால், கைகளை மேலே வைத்துக்கொண்டு, உள்ளே போக முடியாமல் நின்றார். ரேடியோவை அணைக்கவும் முடியவில்லை. அது விவசாயச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வழியாக வந்தவன் சலூன்காரன் சோமதாச. மைதானத்தில் அதே கிழக்கு மூலையில், ஆனால் தன் கூட்டாளிகளோடு நிற்பவன். சந்தனத்தை அய்யா என்று கூப்பிடுவான், சிங்களத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம்.

"இன்னும் கையத் தூக்கிட்டு நிக்கிறீங்களே அய்யா!"

"இறங்க மாட்டேங்குது, சோமதாச."

அவன் சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தான். ஆலமரக் கிளையை இழுத்த மாதிரி இருந்தது. "சந்தோசம் கூடிப் போச்சு. விடிஞ்சா இறங்கிடும்," என்று சொல்லி, பையில் கை விட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, அவரைப் படுக்கவைத்துவிட்டுப் போனான்.

விடிந்தது. இறங்கவில்லை.

பெரகந்தை இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தேழு வருஷம் தோற்ற கிளப் ஜெயித்ததை நம்பிய ஊருக்கு, ஜெயித்ததைப் பார்த்தவரின் கை இறங்காததை நம்புவது கஷ்டமில்லை. ஊரின் கவலையெல்லாம், திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும், மனிதர் சாப்பிட வேண்டும், பொத்தான் போட வேண்டும் என்பதுதான். சட்டை போடுவது சுலபமாகவே இருந்தது. மேலிருந்து கைகள் வழியாக வழுக்கிவிட்டால் தானாக இறங்கியது. பொத்தானுக்கும் முகச்சவரத்துக்கும் சோமதாச தினமும் காலையில் வருவதாகச் சொன்னான். இன்னும் சொல்லக் கூச்சமான சில காரியங்களுக்குக் கிளப் மைதானத்துக் காவல்காரர் ஒரு ரப்பர் குழாயையும் ஒரு கொக்கியையும் வைத்து ஒரு வழி செய்து கொடுத்தார், அதைப் பற்றி ஊர் அதற்குமேல் பேசவில்லை.

சாலிஹ் முதலாளி கடை வாசலில் நின்று, தாடியைத் தடவிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அளக்கிற வேலை இனி ஏலாது."

"ஏலாது முதலாளி."

"அதுக்காக உன்ன அனுப்பவா முடியும்? வா, இப்படி வாசல்ல நில்லு."

அவருடைய வலது கையில் ஒரு சிவப்புச் சேலையையும் இடது கையில் ஒரு பச்சைச் சேலையையும் தொங்கவிட்டார்கள். உயரத்திலிருந்து இறங்கிய சேலைகள் பனிக்காற்றில் ஆடியபோது பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிந்தன. அந்த மாதம் கடையில் கூட்டம் தாங்கவில்லை. காலையில் ஒரு ஜோடி, பகலில் ஒரு ஜோடி, தீபாவளிக்கு முன்னால் மணிக்கொரு ஜோடி என்று மாற்றினார்கள். சேலைகளுக்கு நடுவில் ஒரு முகம் இருந்ததை வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பார்க்கவில்லை.

பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் சோதனைச் சாவடி, போர்க்காலம் அது. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தபோது, இவர் கையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து ஒரு இளம் சிப்பாய் பதறிப்போய்த் துப்பாக்கியை நீட்டினான்.

"கீழ போடு," என்றான் உடைந்த தமிழில். "அடையாள அட்டை எடு."

"போட முடியாது மாத்தையா. அட்டை சட்டைப் பையில இருக்கு."

"ஏன் முடியாது?"

சந்தனம் உண்மையைச் சொன்னார். "சந்தோசம் மாத்தையா."

அந்தச் சாவடியில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு காரணம் சொன்னதில்லை போலிருக்கிறது. சிப்பாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூடப் போயிருந்த சோமதாச சிங்களத்தில் கோப்பைக் கதையைச் சொன்னான். சிப்பாய் கடற்கரை ஊர்க்காரன். அவனுக்கு ரக்பி தெரியாது, கிரிக்கெட்தான் தெரியும். இருந்தாலும் அவனே பைக்குள் விரல் விட்டு அட்டையை எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, பைக்கு மேல் லேசாகத் தட்டி, "போ," என்றான்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் குறை இல்லை, நரம்பில் குறை இல்லை என்று சொன்னார்கள். வலிக்கிறதா என்று கேட்டார்கள். வலிக்கவேயில்லை. கைகள் பஞ்சு மாதிரி, கீழிருந்து யாரோ தாங்குகிற மாதிரி இருந்தன. ஆகவே திரும்பி வந்தார்கள்.

முருகன் கோயில் திருவிழாவில் பெண்கள் அவரைப் பெரிய வேண்டுதல்காரர் என்று நினைத்து, தேருக்கு முன்னால் நடக்கவைத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். "நான் ஒண்ணும் வேண்டிக்கலைங்க, மேட்ச்ல ஜெயிச்சதுக்குத் தூக்கினது," என்று அவர் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய்க்கு அது சரணாகதி, கோயிலுக்கு அது பக்தி, கடைக்கு அது கொடி. அது என்னவென்று தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவராகவே இருந்தார்.

அவருடைய அறை சின்னது. கையை நீட்டிப் படுத்தால் விரல்கள் சுவரில் முட்டின. முதலாளி ஒரு கொத்தனாரை அனுப்பித் தலைமாட்டுச் சுவரில் இரண்டு ஓட்டைகள் போடச் சொன்னார். அன்றிலிருந்து சந்தனம் வீட்டுக்குள் தூங்க, அவருடைய கைகள் சந்தில் தூங்கின. மழை பெய்தால் உள்ளங்கையில் தண்ணீர் சேர்ந்தது. ஒரு பூனை வந்து உரசிவிட்டுப் போனது. ஒருநாள் விடியப்போகும் நேரத்தில் யாரோ வந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார்கள். கரகரப்பான, குளிர்ந்த கை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அவர் அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தார். பால்காரனின் சைக்கிள் மணி கேட்டதும் அந்தக் கை விட்டுவிட்டுப் போய்விட்டது. அது யாரென்று அவர் கேட்டு அலையவில்லை. அதற்குப் பிறகு வரவுமில்லை.

காலையில் பாண் ரொட்டியும் டீயும் சோமதாச கொடுத்தான். பகல் சாப்பாடுதான் கஷ்டம், சோறு பிசைந்து ஊட்ட வேண்டும். அதற்கு, பஸ் ஸ்டாண்டில் சோத்துக்கடை வைத்திருந்த பவளம், "கொண்டாந்து விடுங்க, ரெண்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காது," என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அவள் அதை, மழை வந்தது, பஸ் வரவில்லை என்று சொல்வது மாதிரிதான் சொல்வாள். அவளுடைய கையில் எப்போதும் மஞ்சளும் வெங்காயமும் மணக்கும். சந்தனம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அவள் எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, பருப்பு போட்டுப் பிசைந்து, ஊதி, ஊட்டுவாள். வளர்ந்த மனிதருக்கு ஊட்டுகிறோமே என்ற கூச்சம் அவளிடம் இல்லை, கூச்சமெல்லாம் அவருக்குத்தான். முதல் வாரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

கை தூக்கி நின்றவரிடம் ஊர் மனம் திறந்து பேசியது. கடை வாசலில், சேலைகளின் மறைவில் வந்து நின்று, மகன் அடித்ததை, மருமகள் பேசாததை, யாரிடமும் சொல்லாத நோயைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரால் எங்கும் ஓட முடியாது, கையை ஆட்டி மறுக்கவும் முடியாது. அவரிடம் கேட்டதெல்லாம் மூன்றே கேள்விகள்: வலிக்கலையா, எப்படித் தூங்குறீங்க, எப்ப இறங்கும்.

ஒருநாள் சோறு ஊட்டிக்கொண்டே பவளம் கேட்டாள்.

"அப்படி என்னதாங்க நடந்துச்சு அன்னைக்கு?"

வாயில் இருந்ததை விழுங்க அவருக்கு நேரம் பிடித்தது. "ஜெயிச்சோம்."

"அது தெரியும். எப்படி ஜெயிச்சீங்க?"

"மொதல்லருந்து சொல்லணும்."

"சொல்லுங்க. சோறு இருக்கு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். "பந்து வச்சிருக்கிறவன் முன்னால ஓடலாம். ஆனா பந்த முன்னால எறியக் கூடாது. பின்னால வர்றவனுக்குத்தான் குடுக்கணும்."

"முன்னால போறதுக்குப் பின்னால குடுக்கணுமா?"

"ஆமா."

"அப்ப பின்னால ஆள் இருக்கணுமே."

"இருக்கணும். இல்லாட்டி, பந்தக் கட்டிக்கிட்டு விழ வேண்டியதுதான்."

அவள் அடுத்த உருண்டையைப் பிடித்து அவர் வாயில் வைத்தாள். "நல்ல ஆட்டந்தான்," என்றாள்.

எண்பது நிமிஷ ஆட்டத்தை அவர் நாற்பத்தொரு பகல்களில் சொன்னார். ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு நிமிஷ ஆட்டம். யார் யாரிடம் கொடுத்தான், யார் விழுந்தான், எந்தப் பக்கம் காற்று அடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். அவள் சில நாள் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள், திரும்பி வந்து, "அந்தப் பதினாலாம் நம்பர்காரன் எழும்பிட்டானா?" என்று கேட்பாள். நாற்பத்தோராம் நாள் பந்து கம்பத்தில் மோதி உள்ளே விழுந்து, ரேடியோவில் குரல் உடைந்ததைச் சொல்லி முடித்தபோது, அவள் சோற்றுக் கையோடு, இரண்டு கைகளையும் கொஞ்சம் மேலே தூக்கி இறக்கினாள். தட்டில் இன்னும் சோறு இருந்தது. அன்றைக்கு அவர் அறைக்குத் திரும்பிப் போகும்போது, இனி நாளைக்கு என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போனார். மறுநாள் அவள், "சரி, அதுக்கு முந்தின வருசம் எப்படித் தோத்தீங்க?" என்று கேட்டாள்.

அடுத்த பருவம் வந்தது. பதினான்காம் நம்பர்காரனையும் உதைத்தவனையும் இன்னும் ஐந்து பேரையும் கொழும்புக் கிளப்புகள் கூட்டிக்கொண்டு போய்விட்டன. பெரகந்தை முதல் ஆட்டத்தில் தோற்றது. அன்று ரசிகர்கள் வரிசையில் வந்து, ராசிக்காகச் சந்தனத்தின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றது. மூன்றாவதில் தொட்டவர்கள் குறைந்தார்கள். ஐந்தாவதில், எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்த ஒவ்வொரு முறையும், மைதானமே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, கிழக்கு மூலையில் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். எதிரணியின் ஆட்கள் அவரைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமைக் காலை, தாடைக்குக் கீழே கத்தியை வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்த சோமதாச, கத்தியை எடுக்காமலே சொன்னான்.

"அய்யா, இன்னைக்கு மேட்சுக்கு வரவேணாம்."

தொண்டையை அசைக்காமல் சந்தனம் கேட்டார். "ஏன்?"

"நம்ம ஆளுங்க கோவமா இருக்காங்க. நாம தோக்குறப்ப நீங்க கொண்டாடுற மாதிரி தெரியுது."

"நான் கொண்டாடல. இது போன வருசத்துது."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு போன வருசம் ஞாபகம் இல்ல." சோமதாச துண்டால் நுரையைத் துடைத்தான், கண்ணாடியைக் காட்டாமலே பையில் போட்டான். "இந்தப் பருவம் முடியட்டும்."

இருபத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு சனிக்கிழமை சந்தனம் மைதானத்துக்குள் போகவில்லை. மதிலுக்கு வெளியே, கூச்சல் கேட்டு அவர் முதலில் வந்து நின்ற அதே இடத்தில் நின்று, உள்ளே நடப்பதைக் காதால் பார்த்தார். மூச்சிழுக்கும் சத்தம், திட்டும் சத்தம், எழும்பி அமுங்கும் சத்தம். எல்லாம் அவருக்கு விளங்கியது. எந்தப் பக்கம் பந்து போகிறது என்றுகூடத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல, பக்கத்தில் ஒரு காட்டுச் சூரியகாந்திப் புதர்தான் இருந்தது.

பருவத்தின் கடைசி நாளும் அப்படியே வந்தது. அன்று தோற்றால் பெரகந்தை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். மழை தூறியது, வந்திருந்தவர்களும் நானூறு ஐந்நூறு பேர்தான். மதிலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். கடைசி விசில் ஊதியது. ஒருவரும் கத்தவில்லை, திட்டவுமில்லை. குடைகள் மடங்கும் சத்தமும், செருப்புகளைச் சேற்றிலிருந்து பிடுங்கும் சத்தமும்தான் கேட்டன. அப்போது, மாடு படுப்பது மாதிரி, முதலில் முழங்கைகள் மடங்கி, பிறகு தோள்கள் தளர்ந்து, சந்தனத்தின் கைகள் தாமாகவே இறங்கித் தொடைகளின் பக்கத்தில் வந்து நின்றன.

அவர் அவற்றைப் பார்த்தார். விரல்களை மடக்கினார், மடங்கின. அவசரமாகப் பின்வழியாக நடந்து, தன் சாவியைத் தானே எடுத்து, தன் கதவைத் தானே திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரு வருஷமாக அரித்துக்கொண்டிருந்த முதுகைச் சொறிந்தார். முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்தார். டீ போட்டு, சூடான கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்து, அது ஆறும்வரை குடிக்காமல் பிடித்திருந்தார். அது பெரிய சுகமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது. படுத்தபோது கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெஞ்சின்மேல் வைத்தால் வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை மாதிரி கனத்தன. சுவரின் ஓட்டைகள் வழியாகக் காற்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோற்ற துக்கத்தில் சோமதாச வரவில்லை. வந்தாலும் இனி அவனுக்கு இங்கே வேலை இல்லை. சந்தனம் தானே சவரம் செய்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டு, தானே பொத்தான் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை முதலாளி அளவுகோலைக் கையில் கொடுப்பார். யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போகக் கடை வாசலுக்கு வர மாட்டார்கள். பகலில் சோத்துக்கடை பெஞ்சில் மற்ற எல்லோரையும்போல உட்கார்ந்து, தட்டு வந்ததும் குனிந்து தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு எழும்ப வேண்டும். அதில் தவறு ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் தின்கிறார்கள்.

இரண்டு மணி ஆனது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"என்ன, கிளப்பே இறங்கிருச்சு, இன்னும் இது இறங்கலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க," என்றார் சந்தனம். அந்தக் கையைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

பஸ் ஸ்டாண்டுக்கு நானூறு அடிதான் இருக்கும். ஒரு வருஷம் முழுக்க ஒரு கணமும் வலிக்காத கைகள் அந்த நானூறு அடியில் நெருப்பாக எரிந்தன. இது நாள்வரை அவற்றைத் தாங்கியது எதுவோ, அது போய்விட்டது. இப்போது அவரே தாங்க வேண்டியிருந்தது. மருந்துக்கடையைத் தாண்டும்போது விரல்நுனி மரத்தது, பள்ளிவாசலைத் தாண்டும்போது தோள்பட்டை இழுத்தது. சோத்துக்கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க முடியவில்லை. துடைக்கக் கூடாது.

உள்ளே மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பவளம் தட்டோடு வந்து முக்காலியில் உட்கார்ந்து, பிசைந்து, முதல் வாயை ஊட்டினாள். அவருடைய முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. அவள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உருண்டைகளைப் பெரிசு பெரிசாக உருட்டினாள். ஊதாமல், பேசாமல், மெல்லக்கூட நேரம் விடாமல், அடுத்தது அடுத்தது என்று அவசரமாக ஊட்டினாள்.

கடைசி ஆளும் கை கழுவிவிட்டுப் போனதும், அவள் எழுந்து, சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாசல் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினாள். பகல் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்தது.

"இப்ப இறக்குங்க," என்றாள்.

அவர் இறக்கவில்லை. "உங்களுக்கு எப்படி..."

"நேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு நடுங்குது. இறக்குங்கன்னா."

இறக்கினார். இரண்டு கைகளும் மடியில் வந்து கிடந்தன. இருவரும் அவற்றையே பார்த்தார்கள்.

"எப்ப?"

"நேத்து. மேட்ச் முடிஞ்சதும்." அவர் விரல்களை மடக்கி விரித்தார். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்."

"சொல்றதுன்னா சொல்லுங்க. சொல்லாட்டிப் போங்க."

தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு இருந்தது. அதை எடுத்துத் தானே தின்றுவிடலாம் என்று சந்தனம் கையை நீட்டினார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கைய எடுங்க," என்றாள். "பருப்பு பத்தாது, இருங்க." எழுந்து போய் ஒரு அகப்பை பருப்பை ஊற்றிக்கொண்டு வந்து, மறுபடி முக்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் பிசைந்தாள்.

வெளியே யாரோ பலகையைத் தட்டி, "சோறு இருக்கா?" என்று கேட்டார்கள்.

"முடிஞ்சிருச்சு," என்று உள்ளிருந்தபடியே சொல்லிவிட்டு, அவள் அடுத்த உருண்டையை ஊதினாள்.